உடுமலையில் முடியாத வெஸ்டர்ன்

ஜெய்சங்கரின் 'கங்கா' பார்த்து வளர்ந்தவன் நான். கௌபாய் படமென்றால் குதிரை, துப்பாக்கி, அவ்வளவுதான். ஆய்வேட்டை ஓரங்கட்டிவிட்டுக் கோவை விடுதியில் ஓரிரவு பார்த்த 'தி சர்ச்சர்ஸ்' (1956) வேறு மாதிரி. கொமான்சிகள் தூக்கிச்சென்ற சகோதரன் மகளை ஆண்டுக்கணக்கில் தேடுகிறார் ஜான் வெய்ன். முதலில் மீட்க, பிறகு, 'அவர்களோடு வாழ்ந்துவிட்டாளே' என்று கொல்ல! துப்பாக்கிக்குக் குறுக்கே நிற்பவன் செரோக்கி ரத்தம் கலந்த மார்ட்டின். எனக்கு 2016 மார்ச் 13 நினைவுக்கு வந்தது. உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டினார்கள், சங்கர் பிழைக்கவில்லை.

கடைசியில் வெய்ன் அவளைக் கொல்லாமல் தூக்கிக்கொள்கிறார். ஏனென்று ஜான் ஃபோர்டு விளக்குவதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. அவளுக்குத் திறந்த வீட்டுக் கதவு, வெய்னை வெளியே நிறுத்தி மூடிக்கொள்கிறது. நம் பக்கம் அப்படிப்பட்டவருக்கு மாலையோடு நிற்க ஆட்கள் இருக்கிறார்கள்.