கோகுலத்துக்கும் மங்கையர் மலருக்கும் நடுவே

பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கென்றே இதழ் நடத்துவது மேலை நாடுகளில் நூறாண்டைத் தாண்டிய தொழில். தமிழில் சிறுவர் இதழ்கள் உண்டு, மகளிர் இதழ்கள் உண்டு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பெண்ணுக்கென்று ஓர் இதழ் வேர்விட்டு நிலைத்ததில்லை. கல்கி நிறுவனம் 1972-இல் 'கோகுலம்' தொடங்கியது. அதே நிறுவனத்திலிருந்து 'மங்கையர் மலர்' வந்தது. முன்னது குழந்தைக்கு, பின்னது குடும்பத் தலைவிக்கு. ஏழாம் வகுப்பில் படிக்கும் பெண் முன்னதை விட்டு வளர்ந்திருப்பாள், பின்னதற்கு இன்னும் வளர்ந்திருக்க மாட்டாள்.

லண்டனில் 1880-இல் 'கேர்ள்ஸ் ஓன் பேப்பர்' என்ற வார இதழ் வெளிவந்தது. கதை, தையல், உடல்நலம் எல்லாம் இருந்தாலும் வாசகியரை இழுத்தது அதன் கேள்வி பதில் பகுதி. அதில் பதில் மட்டுமே அச்சாகும், கேள்வி அச்சாகாது. எழுதிக் கேட்டவளுக்கு மட்டும் அது எதற்கான பதில் என்று புரியும். வெட்கம் கூடிவரும் வயதுப் பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அந்த ஆசிரியர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஜப்பானில் 1908-இல் 'ஷோஜோ நோ தோமோ' தோன்றிச் சுமார் அரை நூற்றாண்டு நடந்தது. அமெரிக்காவில் 1944 செப்டம்பரில் ஹெலன் வாலன்டைன் ஆசிரியராக இருந்து தொடங்கிய 'செவன்டீன்', வாசகியரிடம் ஆய்வு நடத்தி, 'டீனா' என்ற கற்பனைப் பெண்ணை உருவாக்கி விளம்பரதாரர்கள் முன் நிறுத்தியது. அவள் என்ன உடுத்துவாள், என்ன வாங்குவாள், தாயை எதை வாங்க வைப்பாள் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது. வாசகி என்பவள் சந்தையாக மாறிய இடம் அது.

அதன் பலன் பின்னால் தெரிந்தது. மெலிந்த உடலும் மாசற்ற தோலும் பக்கத்துக்குப் பக்கம் அச்சாக, அவற்றைப் பார்த்து வளர்ந்த பெண்கள் தம் உடம்பையே குறையாக எண்ணத் தொடங்கினார்கள். 2012-இல் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த 14 வயது மாணவி ஒருத்தி, கணினியால் திருத்தாத ஒரு படமாவது இதழுக்கு ஒன்று வர வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் நடத்தினாள். பெண்களின் உடலமைப்பையும் முகத்தையும் படத்தில் மாற்றுவதில்லை என்று 'செவன்டீன்' எழுத்தில் உறுதி தர வேண்டிவந்தது. இதற்கு மாற்றான பாதையும் உண்டு. மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரிலிருந்து 1993-இல் வந்த 'நியூ மூன்' இதழில் விளம்பரமே கிடையாது. 8 முதல் 14 வயது வரையுள்ள சிறுமிகளே அதன் ஆசிரியர் குழுவில் இருந்தார்கள். இவ்வகை இதழ்களில் நேர்மையானது இதுதான்.

தமிழில் அந்த இடம் காலியாக இருந்ததற்குக் காரணம் பதிப்பாளர்களின் மறதியல்ல. அந்த வயதுப் பெண் பள்ளியிலேயே இல்லை. பாரதியார் 1905-இல் 'சக்ரவர்த்தினி' மாத இதழின் ஆசிரியரானபோது, பெண்களின் முன்னேற்றமே அதன் நோக்கமாக இருந்தது. ஆனால் பன்னிரண்டு வயதிலேயே மணமான பெண்கள் பலர். 'ஜகன்மோகினி' இதழை 1925 முதல் நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஆறு வயது நிறையும் முன்பே திருமணம் ஆகிவிட்டது. எழுதப் பழகாத நிலையில் தம் முதல் நாடகத்தைத் தோழியிடம் சொல்லி எழுத வைத்தவர் அவர். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி மறு ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது 18 ஆக உயர்ந்தது 1978-இல்தான். சிறுமிக்கும் மனைவிக்கும் இடையே சில ஆண்டுகள் இருக்கின்றன என்பதையே தமிழ்ச் சமூகம் மெல்ல மெல்லத்தான் ஒப்புக்கொண்டது.

விடுதலைக்குப் பின் சிறுவர் இதழ்கள் பெருகின. 'அம்புலிமாமா' 1947 ஜூலையில் தொடங்கியது. கலைமகள் நிறுவனத்தின் 'கண்ணன்' 1950 முதல் 1972 வரை ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு வந்தது. 'கோகுலம்' இதழுக்குக் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ஆசிரியராக இருந்தார். ஒரு தலைமுறையின் தமிழ் வாசிப்பே இவற்றில் பிறந்தது. ஆனாலும் சாகசக் கதைகளில் துப்புத் துலக்கியவன் பெரும்பாலும் பையனாகவே இருந்தான்.

அப்படியானால் பன்னிரண்டு வயதுப் பெண் எதைப் படித்தாள்? வீட்டுக்கு வந்த பெரியவர்களின் இதழைத்தான். வார இதழ்களில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்து எடுத்து, நூல் கோத்து, பழுப்பு அட்டை போட்டு பைண்டு செய்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. அந்த பைண்டு பிரதி தெரு முழுக்கச் சுற்றும். ஓரத்தில் எண்ணெய்க் கறை, நடுவில் சமையல் குறிப்பின் பாதி, மறுபக்கத்தில் ஒரு விளம்பரம். அக்காளும் அத்தையும் படித்து முடித்தபின் அது இவள் கைக்கு வரும். மாவடு ஊறுகாய்ப் பக்குவம், கோலப் புத்தக இணைப்பு, பேறுகாலச் சந்தேகங்களுக்கு டாக்டர் பதில் என்று தனக்காக எழுதாததையெல்லாம் படித்தே அவள் வளர்ந்தாள். 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' போன்ற சிவப்பழகு கிரீம்களின் விளம்பரங்களும் இந்த வழியில்தான் அவளை எட்டின. மாநிறமும் கறுப்புமான பெண்கள் நிறைந்த நாட்டில் இது சின்னக் கேடு அல்ல.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி போன்ற ஊரில், சிறுமிக்கென்று இடமில்லாத இந்த நிலை இன்னும் தெளிவாகத் தெரியும். சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த தலமாகப் போற்றப்படும் விஜயராகவப் பெருமாள் கோயில் இங்கே இருக்கிறது. இராமானுசர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊரும் இதுவே. மரகதவல்லித் தாயாரை வேண்டி, வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு பிள்ளைவரம் கேட்கும் பெண்கள் இன்றும் வருகிறார்கள். கற்கும் இளைஞனுக்கும் தாயாகப் போகிறவளுக்கும் ஊரின் நினைவில் இடமுண்டு. சிறுமிக்கு இருந்த இடம் தறியடி. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்வை போட்டு இணைக்க மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளி ஒருவர் கையால் அது ஆகாது. பக்கத்தில் அமர்ந்து ஒரு கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். நெசவுக் குடும்பங்களில் அந்த இன்னொருவர் நெடுங்காலம் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தார். தார் சுற்றும் வேலையும் பெண்பிள்ளையுடையது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பள்ளிச் சத்துணவும் அவளைத் தறியிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் நூலகம் அமைத்தது. படிக்கத் தெரிந்த பெண்ணும் வந்தாள், மேசையும் வந்தது. மேசைமேல் அவளுக்கான இதழ் மட்டும் இல்லை.

இந்த இல்லாமை எங்கே அதிகம் உறுத்துகிறது என்றால், அவள் பூப்பெய்தும் நேரத்தில். மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பந்தல் போட்டு, ஃபிளெக்ஸ் வைத்து, சீர்வரிசையை ஊர்வலமாகக் கொண்டுவரும் சமூகம், அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரியும்படி எழுதிய நாலு பக்கத்தைக் கையில் கொடுத்ததில்லை. 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் வழங்கும் 'புது யுகம்' திட்டம் பொருளைத் தந்தது. விளக்கத்தைச் செவிலியரும் ஆசிரியையும் வாய்மொழியாகத் தர வேண்டியிருந்தது.

1999-இல் தொடங்கிய 'சுட்டி விகடன்' இந்த வயதை ஓரளவு நெருங்கியது. மாணவர்களையே நிருபர்களாக்கி எழுத வைத்தது. 2012-இல் முப்பருவ முறை வந்தபின் வகுப்பு மதிப்பீட்டுக்கான பயிற்சிகள் அதன் பக்கங்களில் இடம்பிடித்தன. மதிப்பெண் கவலை பொழுதுபோக்கு இதழுக்குள்ளும் புகுந்தது. 2020-ஐ ஒட்டிச் சிறுவர் இதழ்களும் மகளிர் இதழ்களும் ஒவ்வொன்றாக அச்சை நிறுத்தின. 'கல்கி', 'மங்கையர் மலர்' இரண்டும் இணையத்துக்குப் போயின. அந்தப் பெண்ணின் கையில் இப்போது இருப்பது அம்மாவின் கைப்பேசி. மருதாணி டிசைன், பிளவுஸ் தையல், முகப்பரு வைத்தியம் எல்லாம் அதில் வருகின்றன. எது அவள் வயதுக்கு உகந்தது, எது மறைமுக விளம்பரம் என்று பார்த்துப் பிரிக்க ஆசிரியர் என்று ஒருவர் அங்கே இல்லை.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2022-இல் அரசுப் பள்ளிகளுக்காக இரண்டு சிறுவர் இதழ்களைத் தொடங்கியது. 'ஊஞ்சல்' நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு; 'தேன்சிட்டு' ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. தேன்சிட்டின் வாசகியருக்கு ஏறத்தாழ 11 முதல் 14 வயது. 'கோகுலம்' வழியனுப்பி 'மங்கையர் மலர்' வரவேற்காத அந்த வயதுக்கு நேராக ஓர் இதழ் பள்ளி வழியே வருவது நல்ல தொடக்கம். அது இருபாலருக்கும் பொதுவான இதழ். தனியார் பள்ளிக்குப் போகும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு உரியதும் அல்ல.