அட்டைக்கு முன் சீட்டு



‘எல்லார்க்கும் எட்டும் மருத்துவம்’ என்னும் பொருளில் பேசப் பணித்திருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாநிலத்தில் வாழும் அனைவருக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டுமானால், அரசு மருத்துவமனையின் ஓ.பி. (புறநோயாளி) சீட்டும் மருந்து ஜன்னலும்தான் முதலில் வலுப்பெற வேண்டும். காப்பீட்டு அட்டை அவற்றுக்குத் துணை நிற்கலாம். அவற்றின் இடத்தில் உட்கார முடியாது.

அடித்தளம் இட்டவர்கள்

பணம் இல்லை என்ற காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்னும் கொள்கையை, சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே முன்வைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர். அதற்கும் முன்பே, 1939-இல், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கண்டிருந்தது. நோய் தீர்ப்பதற்கு ஒரு துறை, நோய் வராமல் காப்பதற்குத் தனியாக ஒரு துறை என்ற ஏற்பாடு இங்கே தொடர்ந்து நிலைத்தது. கிராம சுகாதார செவிலியரும், இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும் அந்த ஏற்பாட்டின் மேல் வளர்ந்தவை. இன்று தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன என்றால், பல தலைமுறைகளின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது.

மருந்து வந்து சேர்ந்த வழி

மருத்துவர் இருந்தும் மருந்து இல்லையென்றால், எழுதிக் கொடுத்த சீட்டு வெறும் காகிதம். வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டால், இலவச மருத்துவம் அந்த வாசலோடு முடிந்துபோகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவு செய்யப்பட்டது. 1995 தொடக்கத்தில் மருந்து வழங்கத் தொடங்கியது. இதை வடிவமைத்ததில் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி பூர்ணலிங்கத்தின் பங்கு பெரிது.

கழகம் செய்த வேலைகளைத் தனித்தனியே பார்த்தால் எளியவையாகத்தான் தெரியும். தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. மாநிலம் முழுமைக்கும் சேர்த்து வெளிப்படையாக டெண்டர் விட்டது. மொத்தக் கொள்முதலால் விலை இறங்கியது. மாவட்டங்களில் கிடங்குகள் கட்டியது. கிடங்குக்கு வந்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, ஆய்வகங்களுக்கு அனுப்பியது. தேறிய மருந்து மட்டுமே மருத்துவமனைக்குப் போகும். மாத்திரைப் பட்டையில் தமிழ்நாடு அரசின் முத்திரையும், விற்பனைக்கு அன்று என்ற வாசகமும் அச்சாயின. மாத்திரை கடைக்குப் போகும் வழி அடைபட்டது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும், சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டு ஒதுக்கீடு அதில் வரவு. எடுத்த மருந்தின் மதிப்பு பற்று. எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை மேலிடம் தீர்மானித்து அனுப்புவதில்லை. நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிறார். பாம்புக்கடி மிகுந்த வட்டாரத்துக்கு விஷமுறிவு மருந்து கூடுதலாகப் போகும். சர்க்கரை நோயாளிகள் பெருகிய ஊருக்கு மெட்ஃபார்மின் கூடுதலாகப் போகும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தையே தொடங்கியது.

அட்டையின் எல்லை

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. இதய அறுவைச் சிகிச்சைக்காக நிலத்தை விற்க வேண்டியிருந்த குடும்பங்களுக்கு அவை பெரும் ஆறுதல். அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அட்டைக்கு ஒரு வருமான வரம்பு உண்டு. பட்டியலிட்ட சிகிச்சைகள் உண்டு. பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் அது பேசும்.

ஏழை வீட்டுப் பணம் கரைவதோ வேறு இடத்தில். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலருகே அரை மணி நேரம் நின்று பாருங்கள். முந்தானை முடிச்சில் பஸ் காசும், கையில் சுகர் நோட்டுமாக ஒரு பாட்டி வருகிறார். நோட்டின் ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கேறிச் சுருண்டிருக்கின்றன. மருந்தாளுநர் பக்கத்தைப் புரட்டி, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று ஒரு மாதத்துக்கு எண்ணி வைக்கிறார். அன்று இரண்டில் ஒன்று இல்லையென்றால் என்ன ஆகும்? பாட்டி கடைக்குப் போய் பத்து நாளைக்கு மட்டும் வாங்குவார். பதினோராம் நாள் நிறுத்திவிடுவார். அதற்கு எந்த அட்டையும் பணம் தராது. சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வரும்போது அட்டை பணம் கட்டும். மலிவான மாத்திரையைத் தவறவிட்டு, விலையுயர்ந்த சிகிச்சைக்குச் செலவழிப்பது அரசுக்கும் நட்டம். அந்த உயிருக்கு அதைவிடப் பெரிய நட்டம்.

ஓ.பி. சீட்டு வருமானச் சான்று கேட்பதில்லை. கட்டட வேலைக்கு பீகாரிலிருந்து வந்தவரும், ரேஷன் அட்டை இல்லாத நடைபாதைவாசியும் வரிசையில் நின்றால் சீட்டு கிடைக்கும். மாநிலத்தில் வாழும் எல்லாரையும் உண்மையில் தழுவுவது அந்தச் சீட்டுதான்.

இனிச் செய்ய வேண்டியவை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சரியான திசையில் வைத்த அடி. தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள், படுக்கையில் கிடப்பவருக்கு வலிநீக்கும் சிகிச்சை கிடைக்கிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்கு வந்தது. இதை நிலைநிறுத்த மூன்று வேலைகள் வேண்டும் என்பேன்.

ஒன்று, வீடு தேடிச் செல்லும் அந்தத் தன்னார்வலர்களுக்கு நிலையான வேலையும் நியாயமான ஊதியமும். இரண்டு, தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை இழக்காமல் வந்துபோக, கிராமங்களிலும் மாலை நேர ஓ.பி. மூன்று, ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை நோயாளிகள் மருந்து இல்லாமல் திரும்பினார்கள் என்ற கணக்கை அரசு மாதந்தோறும் வெளியிடுவது. கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய நமக்கு வழியுண்டு. ஜன்னலில் யாருக்கு மருந்து இல்லாமல் போனது என்பதையும் அறிய வேண்டும்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை அந்த நிலையங்களில் மருத்துவராகவும் செவிலியராகவும் உட்காரப் போகிறீர்கள். மூன்றாவதாகச் சொன்ன அந்தக் கணக்கை யாரும் கேட்காவிட்டாலும் எழுதி வையுங்கள், மேலிடத்துக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டை அது மாற்றும்.