வாலிபர் கூடுகையில் பெற்றோருக்கும் ஒரு நாற்காலி

பிள்ளைகளை வாலிபர் கூடுகைக்குள் அனுப்பிவிட்டு வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்தே பழகிய பெற்றோரே!

பன்னிரண்டு வயது இயேசுவை எருசலேமில் விட்டுவிட்டு யோசேப்பும் மரியாளும் ஒருநாள் தூரம் நடந்துவிட்டார்கள். கூட்டத்தோடு வந்துகொண்டிருப்பார் என்ற நினைப்பு. மூன்று நாள் கழித்துத்தான் தேவாலயத்தில், போதகர்கள் நடுவே கண்டார்கள். லூக்கா எழுதிய இந்தச் சம்பவம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். அதன் முடிவுக்குத்தான் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை: இயேசு பெற்றோரோடு நாசரேத்துக்குத் திரும்பினார், அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். ஆலயத்தில் இருந்தது சில நாள். வளர்ந்தது வீட்டில்.

1529-இல் மார்ட்டின் லூத்தர் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, குடும்பத் தலைவர் இதைத் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுத்தர வேண்டும் என்று பகுதிதோறும் குறிப்பிட்டார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். அந்த வீட்டுப்பாடம் நாளடைவில் திடப்படுத்தல் வகுப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

சலேசிய சபையை நிறுவிய ஜான் போஸ்கோவுக்கு வந்த சிக்கல் வேறு. டூரின் நகருக்குக் கூலிவேலை தேடிவந்த கிராமத்துச் சிறுவர்களுக்கு அங்கே வீடே இல்லை. 1846-இல் தம் தாய் மார்கரீத்தாவை அந்நகரின் வால்டோக்கோ பகுதிக்கு அழைத்துவந்தார். எழுதப்படிக்கத் தெரியாத அந்தத் தாய், 1856-இல் கண்மூடும்வரை பையன்களுக்குச் சமைத்தார், கிழிந்த சட்டைகளைத் தைத்தார். போஸ்கோவுக்கே ஒரு தாயின் துணை வேண்டியிருந்தது. கிட்டார் வாசிக்கத் தெரிந்த இருபத்திரண்டு வயது வாலிபர் தலைவருக்கு வேண்டாமா?

இங்கே நடப்பது என்ன? பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு காலையில் டியூஷன். பிள்ளையை அனுப்புவதில்லை என்று வாலிபர் தலைவர் பெற்றோரைக் குறை சொல்கிறார். "ரிட்ரீட் போய்வந்தும் போனைக் கீழே வைக்கவில்லையே" என்று பெற்றோர் தலைவரைக் குறை சொல்கிறார்கள். இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு கூட்டம் மட்டும் இல்லை.

வாலிபர் தலைவர்களே, மாதம் ஒருமுறை பெற்றோரைக் கூப்பிடுங்கள். என்ன பாடம் நடந்தது, பிள்ளைகள் எதைக் கேட்டார்கள் என்று பெயர் சொல்லாமல் சொல்லுங்கள். "கடவுள் நிஜமாகவே இருக்கிறாரா?" என்று மகள் கேட்டால் கை ஓங்காமல் எப்படிப் பேசுவது என்பதை, அந்தக் கட்டத்தைத் தாண்டிவந்த மூத்த பெற்றோர் சொல்லித்தரட்டும். தேர்வு மாதங்களில் கூடுகையை அரைமணியாகச் சுருக்கி, குடும்ப ஜெபத்துக்கான சின்னக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

ரகசியம் என்றொரு விஷயம் இருக்கிறது. பிள்ளை நம்பிச் சொன்னதையெல்லாம் தகப்பனிடம் ஒப்பிக்கும் தலைவரிடம் அப்புறம் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. ஆனால் பிள்ளைக்கு ஆபத்து என்றால் மறைக்கக் கூடாது. சிறார் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். குற்றவாளி வீட்டுக்குள் இருந்தாலும் சரி, சபைக்குள் இருந்தாலும் சரி. இதை ஆண்டின் முதல் கூடுகையிலேயே பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து கேட்கும்படி சொல்லிவிடுங்கள். ஆலயத்தில் பாட்டு எண் எழுதும் பலகைக்குப் பக்கத்தில், சிறார் உதவி எண்ணான 1098-ஐயும் எழுதிவையுங்கள்.