டேங்க் கோட் தெரியுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். திக்கினது, திரும்பச் சொன்னது எல்லாம் எடுத்தாச்சு. பேச்சை அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னிக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். டாபிக், ஜிடிஏ. கேம் விளையாடாதவங்க உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க, கதை கேம்ல ஆரம்பிச்சாலும் எங்க வீட்டுப் பொங்கல்லதான் போய் நிக்கும்.

2023 டிசம்பர் 5. ஜிடிஏ 6-ஓட முதல் ட்ரெய்லர். நம்ம நேரத்துக்கு அன்னிக்கு ராத்திரி ஏழரைக்கு வர வேண்டியது, முன்னாடியே எவனோ லீக் பண்ணிட்டான். ராக்ஸ்டார் கம்பெனிக்கு வேற வழி இல்லாம விடிகாலையிலயே விட்டுட்டாங்க. நான் பெங்களூர் ரூம்ல போர்வைக்குள்ள படுத்துட்டு பாக்கறேன். திரும்பவும் வைஸ் சிட்டி! கடற்கரை, பனைமரம், அந்த பிங்க் கலர் வானம். கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்லல.

எங்க கசின்ஸ் வாட்ஸப் குரூப்ல போட்டேன். ஊரு கோபிசெட்டிபாளையம், குரூப்ல பதினாலு பேரு. பசங்க எல்லாம் ஃபயர் எமோஜியா கொட்டறாங்க. அப்ப என் சித்தப்பா பொண்ணு, என்னை விட அஞ்சு வயசு சின்னவ, "ஐயோ அண்ணா, வைஸ் சிட்டி! எனக்கு ரொம்ப புடிச்ச கேமுங்கண்ணா"ன்னு போட்டா.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? "நீ எப்ப அம்மிணி விளையாண்ட? சரி, டேங்க் வர்றதுக்கு கோட் என்ன, சொல்லு பாக்கலாம்"னு கேட்டேன்.

அவளுக்குத் தெரியல. "கோட் எல்லாம் தெரியாதுங்கண்ணா"ன்னா. அவ்ளோதான், பசங்க ஆரம்பிச்சுட்டானுங்க. சிரிப்பு ஸ்டிக்கரா ஓடுது. ஒருத்தன் "ட்ரெய்லர் ஃபேன்"ன்னு பட்டமே குடுத்துட்டான். அவ ஒரு சிரிப்பு எமோஜி போட்டுட்டு போயிட்டா. அதுக்கப்புறம் அந்த குரூப்ல கேம் பத்தி அவ ஒரு வார்த்தை பேசல.

அது என்ன கோட்? பான்சர். பி, ஏ, என், இசட், ஈ, ஆர். கேம் ஓடிட்டு இருக்கும்போதே டைப் பண்ணினா வானத்துல இருந்து விழுந்த மாதிரி ஒரு ராணுவ டேங்க் வந்து நிக்கும். எங்க செட்டு பசங்களுக்கு அது ஆதார் கார்டு மாதிரி. தெரிஞ்சா நீ நம்மாளு, தெரியலைன்னா நேத்து வந்தவன்.

கொஞ்சம் பின்னாடி போறேன். வைஸ் சிட்டி கம்ப்யூட்டருக்கு வந்தது 2003. கோபில அப்ப வீட்ல கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்க ரொம்ப கம்மி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல மாடில ஒரு ப்ரவுசிங் சென்டர், ஆறு சிஸ்டம், மணிக்கு இருபது ரூவா. நான் அப்ப எட்டாவதோ ஒம்போதாவதோ. கேம் எங்க இருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கல. மேல மார்க்கர் பேனால எழுதின சிடி. ஆக, "ஒரிஜினல் ஃபேன்"னு நெஞ்சைத் தட்டற எங்கள்ல ஒருத்தன்கூட ஒரிஜினலுக்குக் காசு குடுத்தவன் கிடையாது.

நான் முதல் தடவை போனப்ப விளையாடவே இல்ல, வேடிக்கைதான் பாத்தேன். கோபிக்காரனுக்கு வேடிக்கை பாக்கச் சொல்லித் தரணுமா? எங்க ஊரைச் சுத்தி எத்தனை படம் எடுத்திருக்காங்க. வயக்காட்டுலயும் கொடிவேரியிலயும் ஷூட்டிங் பாத்து வளர்ந்த ஊரு அது. அதே மாதிரிதான் அங்கயும். சேர்ல ஒருத்தன் உக்காந்திருப்பான், பின்னாடி நாலு பேரு நிப்போம். நிக்கறதுக்குக் காசு இல்ல. "டேய் லெஃப்ட்ல திருப்பு, போலீஸ் வர்றான்"னு கத்தறது எங்க வேலை. ஒரு மாசம் அப்படி நின்ன பிறகு ஒரு அண்ணன், பேரு சொல்ல வேண்டாம், காலேஜ் படிச்சிட்டு இருந்தாரு, எந்திரிச்சு "அஞ்சு நிமிசம் பாக்கி இருக்கு, நீ ஓட்டு கண்ணு"ன்னாரு. என்னை எந்தக் கேள்வியும் கேக்கல.

அவரு நினைச்சிருந்தா கேட்டிருக்கலாம். எனக்கு முன்னாடியே இந்த கேமுக்கு ஒரு வரலாறு இருக்கு. முதல் ஜிடிஏ 1997-ல ஸ்காட்லாந்துல டண்டீங்கற ஊர்ல இருந்த டிஎம்ஏ டிசைன்னு ஒரு கம்பெனி பண்ணினது. மேல இருந்து பாக்கற கேமரா, கார் எல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கும். முப்பரிமாணத்துக்கு மாறினதே 2001-ல மூணாவது பார்ட்டுலதான். 97-ல விளையாண்ட ஒரு ஆளுக்கு நான்தான் நேத்து வந்தவன்.

இதுல ஒரு தமாஷ். ட்ரெய்லர்ல லூசியான்னு ஒரு பொண்ணு மெயின் ரோல்னு தெரிஞ்ச உடனே "ஜிடிஏல பொண்ணா, சீரிஸே போச்சு"ன்னு புலம்பினவங்க நிறைய. எல்லாம் தன்னை சீனியர்னு சொல்லிக்கறவங்கதான். 1997 கம்ப்யூட்டர் வெர்ஷன்ல எட்டு கேரக்டர்ல ஒண்ணை எடுத்து விளையாடலாம். அந்த எட்டுல நாலு பொண்ணுங்க. இவங்க காப்பாத்தறேன்னு சொல்ற பழமை இவங்களுக்கே தெரியாது.

சரி, பொங்கலுக்கு வர்றேன்.

2024 பொங்கல், சித்தப்பா வீடு. மத்தியானம் சாப்ட்டுட்டு திண்ணைல உக்காந்திருக்கோம். அவளும் வந்து உக்காந்தா. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு கேட்டா: "ஏனுங்கண்ணா, வைஸ் சிட்டில அந்த ஆர்சி ஹெலிகாப்டர் மிஷன் நீங்க எப்படி முடிச்சீங்க?"

விளையாடினவங்க இப்ப சிரிச்சிருப்பீங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஒரு பொம்மை ஹெலிகாப்டரை ரிமோட்ல ஓட்டி, கட்டிட்டு இருக்கற ஒரு பில்டிங் உள்ளாற மாடி மாடியா கொண்டு போய் நாலு பாம் வைக்கணும். நேரம் ஓடிட்டே இருக்கும். கட்டட வேலைக்காரங்க ஹெலிகாப்டரை அடிக்க வருவாங்க. அந்த மிஷனை வச்சு உலகம் பூரா மீம் போட்டாச்சு, அவ்ளோ கஷ்டம்.

நான் சொன்னேன், "முடிக்கல."

"அப்புறம் கதையில லேன்ஸ் என்ன ஆனான்னு எப்படித் தெரியும்?"

தெரியாது மக்களே. எனக்குத் தெரியாது! அதாவது, பின்னாடி யூட்யூப்ல பாத்துதான் தெரியும். மணிக்கு இருபது ரூவா குடுத்துட்டு எவன் மிஷன் பண்ணுவான்? உக்காந்தமா, கோட் அடிச்சமா, டேங்க் வந்துச்சா, ஊரைக் கொளுத்தினமா, நேரம் முடிஞ்சுதா, கீழ இறங்கினமா. சேவ் பண்ணினாலும் அடுத்த நாள் வேற சிஸ்டம்தான் கிடைக்கும். பழைய சிஸ்டமே கிடைச்சாலும் எவனோ நம்ம சேவ் மேல அவனோடதைப் போட்டிருப்பான். டாமி வெர்செட்டி யாரு, எதுக்கு அந்த ஊருக்கு வந்தான்னு எங்க செட்டுல ஒருத்தனுக்கும் தெரியாது. வருசக்கணக்கா விளையாண்டோம், கதையில முதல் கால்வாசிகூட தாண்டல.

அவ கதை வேற. பன்னெண்டாவது படிக்கும்போது கவர்மெண்ட் லேப்டாப் வந்துச்சு. 2011-ல ஜெயலலிதா ஆரம்பிச்ச திட்டம், அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமா குடுத்தது. வைஸ் சிட்டிக்கு 32 எம்பி கிராஃபிக்ஸ் இருந்தா போதும், அந்த லேப்டாப்புக்கு அது ஒரு சுமையே இல்ல. கிளாஸ்ல யாரோ பென்டிரைவ்ல குடுத்திருக்காங்க. ராத்திரி படிப்பு முடிஞ்ச பிறகு தினம் ஒரு மணி நேரம், சத்தத்தை அமுத்திட்டு விளையாடியிருக்கா. கோட் சொல்லித் தர ஆள் இல்ல, அதனால கோட் இருக்கறதே தெரியாது. ஒவ்வொரு மிஷனா கடைசி வரைக்கும் முடிச்சிருக்கா.

அந்த ஹெலிகாப்டரை முன்ன பின்ன சாய்க்கறதுக்கு கேம்ல வச்சிருந்த கீ எல்லாம் கீபோர்டோட வலது பக்க நம்பர் பேட்ல இருக்கும். லேப்டாப்ல அந்த நம்பர் பேடே கிடையாது. நாலு நாள் ஹெலிகாப்டர் அவ பேச்சைக் கேக்கவே இல்லையாம். அப்புறம் செட்டிங்ஸ்ல தேடிப் போய் கீயை மாத்தி, ஒரு வாரம் கழிச்சு முடிச்சாளாம். பாம் நாலும் வெடிச்சப்ப சத்தம் போட்டுக் கத்த முடியல, தலகாணியைக் கடிச்சுக்கிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவ மூஞ்சியை நீங்க பாக்கணும்.

நான் அசடு வழிஞ்சுட்டு, "ஏன் அம்மிணி, அப்பவே சென்டர்க்கு வந்திருக்கலாமுல்ல, நாங்க இருந்தமே"ன்னேன்.

"என்னைய யாருங்கண்ணா அந்த மாடிக்கு விட்டிருப்பாங்க?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சுப் பாத்தேன், அத்தனை வருசத்துல அந்த மாடிப்படியில ஒரு பொண்ணுகூட கேம் விளையாட ஏறி நான் பாத்ததில்ல. ரிசல்ட் பாக்க வருவாங்க, கூட அப்பா வருவாரு, ரெண்டு நிமிசத்துல போயிருவாங்க. கேபின் வச்ச சென்டர்னா ஊர்ல என்ன பேரு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். 2011-ல மத்திய அரசு சைபர் கஃபேக்குன்னு விதி போட்டப்ப தடுப்பு நாலரை அடிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு அளவு வரைக்கும் எழுதினாங்கன்னா பாத்துக்கங்க. எந்த வீட்ல புள்ளையை அனுப்புவாங்க?

அப்ப "2004-ல நீ எங்க இருந்த"ன்னு நான் கேக்கற கேள்விக்கு என்ன அர்த்தம்? கேம் மேல எவ்ளோ ஆசைங்கறதை அது அளக்கல. உன்னை அந்த மாடிக்கு விட்டாங்களாங்கறதைத்தான் அளக்குது. அந்த மாடிப்படி ஊர்ல பாதிப் பேருக்குக் கிடையாது. பையனா இருந்தாலும் கையில இருபது ரூவா இல்லாதவன் கணக்குல வர மாட்டான். நம்பியூர் பக்கத்துல தோட்டத்துல இருந்து பஸ் புடிச்சு ஸ்கூலுக்கு வந்து, அஞ்சு மணி பஸ்ஸை விட்டா வீடு போய்ச் சேர முடியாதவனும் வர மாட்டான்.

நம்ம பக்கத்துல ஒரு பழக்கம் உண்டு. புதுசா ஒருத்தரைப் பாத்தா, "எந்த ஊருங்க?" அடுத்தது, "அப்பா பேரு என்னங்க?" மூணாவதா என்ன வரும்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். நேரா கேக்க மாட்டாங்க, சுத்தி வளைச்சு அங்கதான் வந்து நிக்கும். "எந்த பார்ட்ல ஆரம்பிச்ச?" கேட்டப்ப என் வாயில அந்தக் குரல் வந்துச்சுங்க. அதை நினைச்சாத்தான் கூச்சமா இருக்கு.

இதே கூத்து 2020-லயும் நடந்துச்சு. லாக்டவுன், மே மாசம். எபிக் ஸ்டோர்ல ஜிடிஏ 5-ஐ ஒரு வாரத்துக்கு இலவசமா விட்டாங்க. கூட்டம் தாங்காம அவங்க சைட்டே படுத்துருச்சு. ஊரெல்லாம் பசங்க வீட்ல அடைஞ்சு கிடக்கறாங்க, அவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம். நாங்க என்ன பண்ணினோம்? "ஓசி செட்டு"ன்னு பேரு வச்சோம். யாரு வச்சது? திருட்டு சிடியில விளையாண்ட நாங்க.

இதுக்காக கேட்டே இருக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ரோல்ப்ளே சர்வர் விளையாடறவங்களுக்குத் தெரியும், தமிழ்லயும் நிறைய இருக்கு. போலீஸ், டாக்டர், டாக்ஸி டிரைவர்னு ஒவ்வொருத்தரும் ஒரு வேஷம் கட்டி விளையாடறது. சில சர்வர்ல உள்ள போக அப்ளிகேஷன் போடணும். உன் கேரக்டர் யாரு, துப்பாக்கி நீட்டினா என்ன பண்ணுவன்னு கேப்பாங்க. எனக்கு அது சரின்னுதான் படுது. உள்ள வந்து கண்டபடி சுட்டா நாப்பது பேரோட ராத்திரி வீணாப் போகும். அவங்க கேக்கறது நீ இனிமே எப்படி நடந்துக்குவங்கறது. நேத்து வந்தவனும் அதுக்குப் பதில் சொல்லலாம். நான் கேட்ட கேள்விக்கு அவ எத்தனை ராத்திரி முழிச்சாலும் பதில் சொல்ல முடியாது.

இப்ப 6-க்கு தேதி நவம்பர் 19, 2026-ன்னு அறிவிச்சிருக்காங்க, ரெண்டு தடவை தள்ளிப் போட்ட பிறகு. அறிவிச்சிருக்கறது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இதுகளுக்குத்தான். கம்ப்யூட்டர் செட்டு ஆளுங்க காத்திருக்கணும். எங்க குடும்பத்துல பிளேஸ்டேஷன் 5 இருக்கறது யாருகிட்டன்னு நினைக்கறீங்க? அவகிட்டதான். வேலைக்குப் போய் சொந்தக் காசுல வாங்கினது. (சிரிப்பு) ஆக, அன்னிக்கு நான் பின்னாடி நின்னு வேடிக்கை பாக்கணும்.

மன்னிப்புக் கேட்டேனான்னு கேப்பீங்க. கேட்டேன், குரூப்லயே கேட்டேன். கேவலப்படுத்தினது அங்கதான, அதனால அங்கயே. அவ தம்ஸ் அப் போட்டா, அவ்ளோதான். பசங்கள்ல ரெண்டு பேரு "ஏன் மச்சான் இவ்ளோ சீரியஸ் ஆகற"ன்னானுங்க. ஒருத்தன் மட்டும் தனியா மெசேஜ் பண்ணி, "டேய், அந்த மிஷன் நானும் முடிக்கலடா"ன்னான்.

அன்னிக்குத் திண்ணைல இருந்து எந்திரிச்சுப் போய் அவ தம்பியோட சிஸ்டத்துல வைஸ் சிட்டி ஏத்தி, என்னை உக்கார வச்சா. நான் நேரா பான்சர் அடிச்சேன். "அதெல்லாம் வேண்டாமுங்கண்ணா, மிஷனைப் போடுங்க"ன்னா. பின்னாடி நின்னுட்டு "மேல தூக்குங்க, மேல, இடிக்கப் போவுது"ன்னு கத்தறா. முதல் தடவை ஒரு பாம்கூட வைக்கல. ரெண்டாவது தடவை ரெண்டு. சித்தி காப்பி கொண்டு வந்து வச்சுட்டு, "இந்த வயசுல என்ன கண்ணு இது"ன்னுட்டு போனாங்க.

இன்னும் முடிக்கல மக்களே. போன வாரம்கூட ட்ரை பண்ணினேன். மூணு பாம் வச்சாச்சு, நாலாவதுக்கு நேரம் பத்தல.

சரி, அடுத்த வாரம் பாக்கலாமுங்க.