கதவைத் திறப்பது கத்தியா, கைத்திறனா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே வாளும் வில்லுமாக வந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்திலே கூடியிருக்கிற, வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னாலே அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, குழந்தைகளே!

தலைப்பு என்ன? 'கதை விளையாட்டிலே ஒரு ஆளைக் காப்பாற்றுவது அவனுடைய வகுப்பா, திறமையா?' திறமையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

வீட்டிலே பாட்டிமார்கள் கேட்பாங்க, 'அது என்னப்பா விளையாட்டு?' என்று. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர் வெளியிட்டது. பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். 'நான் மதில் ஏறுகிறேன்' என்பான் ஒருத்தன். ஏறினானா விழுந்தானா? அதைச் சொல்வது 20 முகம் உள்ள பகடை. பகடை என்றாலே நமக்குப் பயம். ஆனால் இங்கே நாட்டை வைத்து ஆடுவதில்லை, பயப்படாதீங்க! (சிரிப்பு)

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு இயல்புகள். வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, புத்தி, விவேகம், வசீகரம். புத்தியும் விவேகமும் வேற வேறயா என்று கேட்கலாம். பஞ்சாங்கம் முழுக்க மனப்பாடம் என்றால் அது புத்தி. வாசலிலே நிற்கிற மாமியார் முகத்தைப் பார்த்தே 'இன்னிக்கு நாள் சரியில்லை'ன்னு தெரிஞ்சுக்கிட்டா, அது விவேகம்! (பலத்த சிரிப்பு)

எதிரணித் தலைவி அம்மா ரொம்ப அழகாகச் சொன்னாங்க. 'வீரன், மந்திரவாதி, பூசாரி என்று வகுப்பு இருக்கிறதே, அதுதான் முதுகெலும்பு' என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். 1974லே வந்த வகுப்புகள் அந்த மூன்றுதான். ஆனால் அம்மா, அடுத்த வருஷம் என்ன நடந்தது? 1975லே நாலாவதாக ஒருத்தனைச் சேர்த்தார்கள். யார்? திருடன்! அவனுக்கு என்ன தெரியும்? பூட்டைத் திறப்பான், பொறியை எடுப்பான், சத்தமில்லாமல் நடப்பான், கதவிலே காது வைத்துக் கேட்பான். இதெல்லாம் வகுப்பா, திறமையா? திறமையைத்தானே வகுப்பு என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்! (கைதட்டல்)

அதோடு நின்றதா? 2014லே வந்த விதிநூலிலே 12 வகுப்புகள். திறமைகளோ 18! மருத்துவம், வரலாறு, மிருகங்களைப் பழக்குவது, எதிராளி மனசைப் படிப்பது, இணங்க வைக்கிற பேச்சு என்று பட்டியல் போகிறது. வகுப்பு சில திறமைகளைக் கொடுக்கும். அதற்கு மேலே, இந்த ஆள் இதற்கு முன்னாலே என்ன பிழைப்பு பிழைத்தான் என்று கேட்டு, அதற்காக இரண்டு திறமைகள் கொடுக்கிறார்கள். வாள் பிடிக்கிறதுக்கு முன்னாலே அவனுக்கும் ஒரு வீடு, ஒரு ஊர், ஒரு வேலை இருந்தது பாருங்க!

கணக்கு கேட்கிறார் நடுவர். சொல்கிறேன் ஐயா. ஒரு வீரன். வசீகரம் வெறும் 8. அதனால் பேச்சு என்றாலே பகடையிலே 1 குறையும். கோட்டைக் காவலனைப் பேசி இணங்க வைக்க 15 வேண்டும். அப்படியானால் பகடையிலே 16 விழணும். 20 முகத்திலே 5 முகம்தான் அவன் பக்கம். அதே ஆள் பேச்சிலே பயிற்சி எடுத்திருந்தால், தொடக்கத்திலேயே 2 கூடும். 7 முகம் அவன் பக்கம். ஆள் வளர வளர பயிற்சியும் வளரும். 17ஆம் நிலைக்கு வந்தால் 6 கூடும். அப்போ 11 முகம் அவன் பக்கம்! வசீகரம் கூடியதா? இல்லை. அதே 8. பிறவிக் குறை அப்படியே இருக்க, பழக்கம் ஜெயித்தது. அவ்வையார் வழியிலே வந்த நமக்கு இதைச் சொல்லியா தரணும்? (கைதட்டல்)

நம்ம பாரதத்துக்கு வாங்க. பாண்டவர்கள் ஐந்து பேர், அவர்களைவிட உயர்ந்த வீரர் வகுப்பு உண்டா? ஆனால் அஞ்ஞாதவாசம் என்று ஒரு வருஷம் வந்தது. ஆயுதத்தை எடுத்தால் அடையாளம் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் வன்னி மரத்திலே வைத்துவிட்டு விராடனுடைய வாசலிலே போய் நின்றார்கள். காப்பாற்றியது எது? பீமனுக்குச் சமையல். அர்ச்சுனனுக்கு நாட்டியம். நகுலனுக்குக் குதிரை. சகாதேவனுக்கு மாடு. திரௌபதிக்குக் கூந்தல் அலங்காரம். வகுப்பு மரத்திலே தொங்கியது, திறமை சோறு போட்டது! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தம்பி எழுந்திருக்கிறார். 'கீசகனைக் கொன்றது கரண்டியா?' என்று கேட்பார். தம்பி, அது ஒரு ராத்திரி வேலை. மிச்ச நாளெல்லாம் கரண்டிதான்! (சிரிப்பு)

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலிலே பக்கத்திலே இருக்கிறவன் என்ன எடுத்தான் என்று கேளுங்கள். நாலு பேரும் வாள் எடுத்தால் காயத்துக்குக் கட்டுப் போட யார் இருக்கா? பிறகு, உங்க வகுப்பிடம் யாரும் எதிர்பார்க்காத ஒரு திறமையை எடுங்கள். மருத்துவம் தெரிந்த வீரன், விலங்கோடு பழகத் தெரிந்த மந்திரவாதி. ஒரே வகுப்பு ஆட்கள் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

மூன்றாவது, முக்கியமானது. பகடை உருட்டாமல் ஆறு எண்களைப் பங்கிடுகிற முறை ஒன்று உண்டு: 15, 14, 13, 12, 10, 8. அந்த 8ஐ ஏதாவது ஒரு இடத்திலே வைத்தே ஆகணும். ஒளிக்க முடியாது. அந்த 8 என்ன சொல்கிறது? 'எனக்கு நீ வேணும்' என்று பக்கத்து நாற்காலிக்காரனைப் பார்த்துச் சொல்கிறது. குறை இருக்கிறதனாலேதான் கூட்டம் சேருகிறது. குடும்பமும் அப்படித்தானே ஐயா?

நாம என்ன செய்கிறோம்? பிள்ளை பிறந்த உடனே வகுப்பைத் தீர்மானித்து விடுகிறோம். 'டாக்டர் ஆகணும், இன்ஜினீயர் ஆகணும்.' ஆகட்டும், சந்தோஷம். ஆனால் நோயாளியின் சம்சாரத்தைப் பக்கத்திலே உட்கார வைத்து, கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்கிறதை எந்தப் பட்டம் தரும்? வேலை செய்த கம்பெனி ஒருநாள் மூடிவிட்டால், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். நாற்பத்தைந்து வயசிலே வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிற அந்த மனுஷனிடம் அப்போது என்ன மிச்சம்? கை பழகியது மிச்சம். நாக்கு பழகியது மிச்சம். நாலு பேரோடு பழகத் தெரிந்தது மிச்சம். அந்தப் பிள்ளைக்கு அதையும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வகுப்பு நம்மை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தும். கதவைத் திறப்பது திறமை. நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்புத் தருவார்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். (கைதட்டல்)