அடுத்தவர் முகத்தில் தெரியும் பயம்

முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தமும் இல்லை, காசும் இல்லை. எப்படி மனசு வருகிறது?

அமெரிக்காவில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் அபிகேல் மார்ஷ் குழுவினர் அப்படிப்பட்ட 19 பேரின் மூளையை ஸ்கேன் செய்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. வலப்பக்க அமிக்டலா இவர்களுக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. பயந்த முகங்களைக் காட்டியபோது அது மற்றவர்களைவிடக் கூடுதலாக இயங்கியது.

பயமே அறியாதவர்கள்தான் உதவிக்கு ஓடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்களோ அடுத்தவர் பயத்தைக் கூர்ந்து உணர்கிறவர்கள்! "நீங்கள் தனிப்பிறவியா?" என்று கேட்டால், "இல்லவே இல்லை, எல்லாரையும் போலத்தான்" என்கிறார்களாம்.