முழங்கால் தேய்ந்தவருக்கு 19 சதவீதமா? விடாதீங்க, மேல்முறையீடு செய்யுங்க!

வேலூரில் நடந்த முன்னாள் படைவீரர் கூட்டத்தில் நமது அணியின் நிர்வாகி ஆற்றிய உரை:



கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த ஊர்கள் உள்ள மாவட்டம் இது. மலையில் சுமையோடு ஏறி இறங்கினவங்க, பயிற்சியில் விழுந்து முழங்கால் லிகமென்ட் அறுந்தவங்க நிறைய பேர் இங்க இருக்கீங்க. இன்னைக்கு மாடிப்படி ஏற முடியல. ஆனா மெடிக்கல் போர்டு பேப்பர்ல "15-19 சதவீதம்"னு எழுதியிருக்கு.

அந்த ஒரு சதவீதத்துல என்ன இருக்கு? 20-க்குக் கீழே போனா, முழு சர்வீஸ் முடிச்சு வந்தவருக்கு ஊன ஓய்வூதியம் கிடையாது. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அந்தக் கணக்குப்படி 20-க்கு 6 சதவீதம். அந்த 20-ஐ 50-ஆக உயர்த்திக் கணக்கிட்டா 15 சதவீதம்! இந்த உயர்வு முழு சர்வீஸ் முடிச்சவங்களுக்கும் உண்டுன்னு 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அடுத்த தடை, "இது பணியால் வந்ததில்லை" என்ற ஒரு வரி. சேரும்போது எந்தக் குறையும் எழுதாம எடுத்த வீரரைப் பின்னாடி நோயைக் காட்டி வெளியே அனுப்பினா, அது பணியால் வந்ததாகவே கருதணும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது அரசுதான். 2013-ல் தரம்வீர் சிங் வழக்கின் தீர்ப்பு இது. 21.9.2023-க்குப் பிறகு ஓய்வு பெற்றவங்களுக்குப் புது விதிகள் இருக்கு. அவங்க அதைத் தனியாப் பார்க்கணும்.

என்ன செய்யணும்?

1. மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகலை ரெக்கார்டு ஆபீஸில் கேளுங்க. தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க.
2. அடிபட்ட அன்று எழுதின காய அறிக்கை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர், எம்ஆர்ஐ எல்லாத்தையும் சேருங்க.
3. நிராகரிப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானா இரண்டாவது. காலம் தாண்டியிருந்தா காரணத்தை எழுதிக் கொடுங்க.
4. அதுக்கும் மேல ஆயுதப் படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அமர்வு இருக்கு. டெல்லிக்கு அலைய வேண்டாம்.

ஒண்ணு ஞாபகம் வைங்க. தாமதமா வழக்குப் போட்டா நிலுவைத் தொகை பொதுவா 3 வருஷத்துக்குத்தான் கிடைக்கும். தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் உங்க பணம்.

ஒன்றிய அரசிடம் நாம் கேட்பது இரண்டே விஷயம். போர்டு நகலை வீட்டுக்கு அனுப்புற அன்றே வீரர் கையில் கொடுங்க. தீர்ப்பாயத்தில் ஜெயிச்ச வீரரை மேல்கோர்ட்டு மேல்கோர்ட்டா இழுக்காதீங்க. இது யாரும் போடுற பிச்சை இல்லை, உழைச்ச உடம்புக்கான பாக்கி.

பேப்பரை எடுத்துக்கிட்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க. துணைக்கு நம்ம அணித் தோழர்கள் வருவாங்க.